மழையில் மாடு போனால்: பேரிடர் நிவாரணம் வாங்கும் வழி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பூந்தமல்லி வட்டமும் நிவாரணப் பட்டியலில் இருந்ததால் அங்குள்ள குமணன்சாவடிக்காரர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். டோக்கன் வந்தது, ரேஷன் கடையில் வரிசையில் நின்றார்கள், பணம் கைக்கு வந்தது. டிசம்பர் 9 அன்று முதலமைச்சர் வெளியிட்ட அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. எருது, பசு இறந்திருந்தால் நிவாரணம் 30,000 ரூபாயிலிருந்து 37,500 ரூபாயாகவும், வெள்ளாடு, செம்மறியாடு இறந்திருந்தால் 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாகவும் உயர்த்தப்படுகிறது என்பதே அந்த வரி.

இந்த இரண்டாவது பணத்துக்கு டோக்கன் வீட்டுக்கு வராது. உங்களிடம் மாடு இருந்தது, அது உங்களுடையது, அது மழையால்தான் செத்தது என்ற மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும். மூன்றுக்குமான ஆதாரம் பெரும்பாலும் மாடு விழுந்த இடத்திலேயே, முதல் ஒரு நாளுக்குள்தான் கிடைக்கும். குழி மூடிய பிறகு கால்நடை மருத்துவர் வந்தால் அவரால் எதைப் பார்த்துச் சான்று எழுத முடியும்? இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்க்கும் வரை உடலைப் புதைக்கவோ, நகராட்சி வண்டியில் ஏற்றவோ விடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12ஆம் பிரிவில், உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் மட்டுமல்லாமல் வாழ்வாதாரத்தை மீட்பதற்கும் உதவி தர வேண்டும் என்று சொல்கிறது. பால் மாடு வைத்திருப்பவருக்கு மாடுதான் வாழ்வாதாரம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 25 விழுக்காடு. எந்த இழப்புக்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் விதியாக வெளியிடுகிறது.

2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிப்படி கறவைப் பசுவுக்கும் எருமைக்கும் 37,500 ரூபாய். ஆடு, செம்மறி, பன்றிக்குத் தலா 4,000. உழவு, வண்டி மாட்டுக்கு 32,000. கன்றுக்கு 20,000. கோழிக்குத் தலா 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10,000. மிக்ஜாமின்போது தமிழ்நாடு அரசு எருதையும் பசுவோடு சேர்த்து 37,500 என்றே அறிவித்தது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகும் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்றுதான் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் அரசு தனியாக அறிவிப்போ ஆணையோ வெளியிடும்போது தொகை மாறலாம் என்பதால், அந்த ஆண்டு அறிவிப்பின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உச்சவரம்பைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாற்றமடைபவர்கள் அதிகம். ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பது, பெரிய உழவு மாடு என்றால் மூன்று, கன்று போன்ற சிறியவை என்றால் ஆறு. அதற்கு மேல் எத்தனை செத்தாலும் விதி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து மாடு போனவருக்கு மூன்றுக்கு மட்டும், 1,12,500 ரூபாய் கிடைக்கும். இருந்தாலும் மனுவில் ஐந்தையும் எழுதுங்கள். மூன்றில் ஒன்றுக்கு ஆதாரம் போதாது என்று தள்ளினால் நான்காவது அந்த இடத்துக்கு வரும்.

நிவாரணம் மாட்டின் விலை அல்ல. 2023 டிசம்பர் 18 முதல் ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் மாடு அந்த விலையில் நாளொன்றுக்கு 380 ரூபாய் தரும். 37,500 ரூபாய் என்பது ஏறக்குறைய நூறு நாள் பால் பணம். நல்ல கறவையில் உள்ள கலப்பின மாட்டை அந்தத் தொகைக்குச் சந்தையில் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் இயற்கைச் சீற்றத்தில் இறக்கும் கால்நடைக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 விழுக்காட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் நிலையான தொகை. சினை மாடானாலும் வற்றிய மாடானாலும் தொகை ஒன்றுதான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி மாறும்வரை இருப்பதைத் தவறவிடாமல் வாங்க வேண்டும்.

பெயர் வைத்த புயல் வந்தால்தான் நிவாரணம் என்று நினைத்துப் பலர் மனுவே கொடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஓர் இரவு பெய்த மழையில் சுவர் இடிந்து ஒரே ஒரு மாடு செத்தாலும் மனு கொடுங்கள். மின்னல் தாக்கி இறந்தாலும் அப்படியே.

யாரிடம் போவது

குமணன்சாவடி பூந்தமல்லி நகராட்சிக்குள் இருப்பதால் பலர் முதலில் நகராட்சி அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே செத்த மாட்டை அப்புறப்படுத்துவார்கள், பணம் தரமாட்டார்கள். பணம் வருவாய்த் துறையின் வேலை. நகரத்தில் இருந்தாலும் வருவாய்க் கணக்கில் உங்கள் தெரு ஒரு கிராமத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு ஒரு கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அவருக்கு மேலே பூந்தமல்லி வட்டாட்சியர். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நாம் சொல்லும் வரிசை இதுதான். மருத்துவச் சான்று மட்டும் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து, உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரிடமிருந்து வர வேண்டும்.

இங்கே எல்லைப் பிரச்சினை ஒன்று உண்டு. குமணன்சாவடியிலிருந்து குன்றத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் மாங்காடு. அங்கே மாவட்டமே மாறிவிடும்: குன்றத்தூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் கிழக்கே போனால் காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம், அடுத்து ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம், அதற்கடுத்து போரூர் சென்னை மாவட்டம். மாடு காலையில் ஒரு மாவட்டத்தில் மேய்ந்து மாலையில் இன்னொரு மாவட்டத்தில் கறவைக்கு வரும் ஊர் இது. வீடு ஒரு வட்டத்தில், கொட்டாய் வேறு வட்டத்தில் என்று இருப்பவர்களும் உண்டு. மாடு எங்கே செத்ததோ அந்த இடத்து விஏஓதான் நேரில் வந்து பார்க்க வேண்டியவர். குடும்ப அட்டை வேறு வட்டத்தில் இருந்தால் அதை மறைக்காமல் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதாததால் கோப்பு இந்த அலுவலகத்துக்கும் அந்த அலுவலகத்துக்குமாக அலைகிறது.

இப்போதே, வெயில் காலத்திலேயே, உங்கள் விஏஓ யார், அவர் அலுவலகம் எங்கே, கால்நடை மருந்தக எண் என்ன என்று விசாரித்து மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் எழுதி வையுங்கள். கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. செல்போன் தண்ணீரில் விழுந்தாலும் சுவரில் எழுதியது இருக்கும்.

மழைக்கு முன்பே இருக்க வேண்டிய ஆதாரம்

கிராமத்துப் பால்காரரிடம் ஆவின் சங்கத்தின் பால் அட்டை இருக்கும். பத்து நாளுக்கொரு முறை பட்டுவாடா, எத்தனை லிட்டர், எவ்வளவு பணம் என்று எல்லாம் பதிவாகியிருக்கும். மாடு செத்தால் அந்த அட்டையே பாதி சாட்சி. குமணன்சாவடியில் மாடு வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் டீக்கடைக்கும் அடுக்ககங்களுக்கும் நேராகப் பால் ஊற்றுகிறார்கள். விலை கூடக் கிடைக்கிறது, ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கூட மிஞ்சுவதில்லை. கொட்டாய் வாடகை இடத்தில், மேய்ச்சல் யாரோ ஒருவரின் காலி மனையில், பட்டா கிடையாது. பேரிடர் வந்தால் முதலில் காணாமல் போவது இவர்கள் பெயர்தான்.

அப்படி ஆகாமல் இருக்க மிக எளிய, செலவில்லாத வழி காதுவில்லை. கோமாரித் தடுப்பூசி ஆண்டுக்கு இருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி போட வரும்போது மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையை மாட்டி, உரிமையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் கணினியில் ஏற்றிவிடுவார்கள். மாட்டைத் தெருவில் விடுவதாக அபராதம் போடுவார்களோ என்று பயந்து சிலர் ஊசிக்காரரைக் கண்டால் மாட்டை ஒளித்துவைக்கிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வில்லை இல்லாத மாடு அரசுக் கணக்கில் பிறக்கவே இல்லை, அது இறந்ததை எப்படிக் காட்டுவீர்கள்?

வில்லை இருந்தும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சந்தையிலோ தரகர் மூலமோ வாங்கிய மாட்டின் காதில் வில்லை இருக்கும், ஆனால் அந்த எண்ணில் பழைய உரிமையாளர் பெயர் இருக்கும். மாட்டை வாங்கிய வாரத்திலேயே மருந்தகத்துக்குப் போய்ப் பெயரையும் கைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். விற்றவரிடம் தேதி போட்டு ஒரு விற்பனைச் சீட்டும் வாங்குங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போதும்.

ஐப்பசிக்கு முன்பு ஒவ்வொரு மாட்டையும் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு படம், காதுவில்லை எண் தெரிய ஒரு படம், கொட்டாயில் எல்லா மாடும் நிற்க நீங்களும் தெரிய ஒரு படம் எடுத்து வெளியூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போன் போனாலும் தேதியோடு அவர்களிடம் இருக்கும். ஆடு வைத்திருப்பவர்கள் எண்ணிக்கை தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து, "இன்று இத்தனை ஆடு" என்று சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

காப்பீடும் எடுக்க முடிந்தால் எடுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் விவசாயி கட்ட வேண்டிய பங்கை 15 விழுக்காடாகக் குறைக்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. உங்கள் பகுதியில் இப்போது பதிவு நடக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. இரண்டு ஆண்டு பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு எழுத்து என்று இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள். மாடு மாமியார் பெயரில், கணக்கு மருமகன் பெயரில் என்று இருக்க வேண்டாம். காதுவில்லைப் பதிவு, மனு, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். நாளெல்லாம் மாட்டோடு இருப்பது வீட்டுப் பெண்தான் என்றால் அவர் பெயரிலேயே எல்லாவற்றையும் வையுங்கள்.

தண்ணீர் ஏறும் இரவில்

வெள்ளத்தில் சாகும் மாடுகளில் பல கட்டியபடியே சாகின்றன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தாலோ, கொட்டாயில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலோ, கயிற்றை அவிழ்க்க நேரம் வந்துவிட்டது. அவிழ்த்து அப்படியே விட்டால் அவை மேடு தேடி நெடுஞ்சாலைக்குத்தான் போகும். மழை இரவில் லாரி அடித்துச் செத்த மாட்டுக்குப் பேரிடர் நிவாரணம் கேட்பது கடினம், அது விபத்து. எந்த மேட்டுக்கு ஓட்டிப் போவது, யார் உடன் இருப்பது என்று பக்கத்துக் கொட்டாய்க்காரர்களோடு முன்பே பேசி வையுங்கள்.

மாடு செத்த இடத்தில்

நேரம் முக்கியம், ஆனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரில் கிடக்கும் மாட்டின் அருகே அறுந்த மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் கால் வைக்காதீர்கள். மின்கம்பியால்தான் செத்தது என்றால் வழி வேறு: காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து படம். மாட்டை நகர்த்துவதற்கு முன்பு, கிடந்த நிலையிலேயே எடுங்கள். தண்ணீர் நிற்பதும் கொட்டாயும் தெரிய ஒரு முழுப் படம். பிறகு தலைப் பக்கம் போய், காதுவில்லையில் அப்பியிருக்கும் சேற்றை ஈரத் துணியால் துடைத்து, 12 இலக்கமும் படிக்க முடிகிற மாதிரி நெருக்கமாக ஒரு படம். எண் படத்தில் தெரிகிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலாக இருந்தால் திரும்ப எடுங்கள். சுவரோ மரமோ மேலே விழுந்திருந்தால் அதை எடுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு படம். பக்கத்து வீட்டுக்காரர் உடன் நிற்க ஒரு படம். கடைசியாக, தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி நடந்து வந்து மாட்டின் காதில் முடியும்படி இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ. போனில் இருப்பிடம் பதிவாகும் வசதி திறந்திருக்கட்டும். காதுவில்லையைக் கழற்றவோ காதை வெட்டவோ வேண்டாம். காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கும் அதே நேரத்தில் தகவல் சொல்லுங்கள், வில்லையை என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

படம் எடுத்த கையோடு மருந்தகத்துக்கும் விஏஓவுக்கும் போன். அவர்கள் போனை எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தியும் படமும் அனுப்புங்கள், "இன்று காலை இத்தனை மணிக்கு" என்று நேரம் போட்டு. 1077க்கும் சொல்லிப் புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாலை மூழ்கி யாரும் வர முடியாத நிலை என்றால் இந்தச் செய்திகள்தான் நீங்கள் உடனே சொன்னதற்குச் சாட்சி.

மருத்துவர் வந்தால் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தருவார். அந்தச் சான்றில் இறந்த காரணமாக என்ன எழுதியிருக்கிறார் என்பதை அங்கேயே படித்துப் பாருங்கள். நீரில் மூழ்கி, சுவர் இடிந்து, மின்னல் தாக்கி என்று பேரிடரோடு சேரும் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே "இறந்துவிட்டது" என்ற சான்று தாசில்தார் மேசையில் நிற்காது. விஏஓ வந்தால் மகஜர், அதாவது நேரில் பார்த்ததைச் சாட்சிகளோடு பதியும் அறிக்கை, எழுதுவார். இரண்டு சாட்சிகளைத் தயாராக வைத்திருங்கள். அவர்கள் உறவினராக இல்லாமல் அக்கம்பக்கத்தவராக இருப்பது நல்லது.

அதன் பிறகுதான் அடக்கம். ஆழமான குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு, கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தள்ளி. குமணன்சாவடியில் சொந்த இடம் இல்லாதவர்கள் நகராட்சியிடம்தான் சொல்ல வேண்டும். எடுத்துப்போகும் வண்டியின் எண்ணைப் படம் பிடித்து, உடலை ஏற்றும்போதும் ஒரு படம் எடுங்கள்.

உடல் கிடைக்காத மாடும், பிறகு செத்த மாடும்

வெள்ளம் அடித்துப்போன மாட்டுக்கு நிவாரணம் வாங்குவதுதான் மிகக் கடினம். உடல் இல்லை, பரிசோதனை இல்லை. அப்போது காதுவில்லைப் பதிவு, தடுப்பூசிப் பதிவேடு, வாட்ஸாப்பில் அனுப்பிய பழைய படங்கள், பால் வாங்கியவர்களின் எழுத்து வாக்குமூலம், காவல் நிலையத்தில் கால்நடை காணவில்லை என்று கொடுத்த புகார் ரசீது எல்லாம் சேர்ந்துதான் பேச வேண்டும். இரண்டு மூன்று நாள் தேடுங்கள், சுற்றுக் கிராம விஏஓக்களிடமும் விசாரியுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு வேறு ஊரில் கரை ஒதுங்கிய உடலைக் காதுவில்லை எண்ணை வைத்து அடையாளம் காண முடியும்.

இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் நின்ற மாடு, வெள்ளம் வடிந்து ஐந்தாறு நாளில் மூச்சிரைத்துச் சாவதுண்டு. தொண்டை அடைப்பான், நுரையீரல் அழற்சி, மடிநோய் எல்லாம் வெள்ளத்துக்குப் பின்னால் வருபவை. இப்படிச் செத்தால் "இது நோய், பேரிடர் அல்ல" என்ற பதில் வரும். கோழி விஷயத்தில் விதியே அப்படிச் சொல்கிறது: அறிவிக்கப்பட்ட பேரிடரால் செத்திருக்க வேண்டும், பறவைக் காய்ச்சல் போன்ற நோய்க்கு வேறு திட்டம் இருந்தால் இதில் கிடையாது. மாட்டுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். வெள்ளத்தில் நின்ற மாடு தீனி எடுக்கவில்லை என்றால் மறுநாளே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், பதிவேட்டில் வெள்ளநீரில் நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அது நல்லது. மாட்டைக் காப்பாற்ற முடியாமல் போனாலும், நோய்க்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவர் கையால் எழுதப்பட்டிருக்கும்.

தெருநாய் கடித்து இறக்கும் ஆடு, மாடு, கோழிக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தனியாக இழப்பீடு அறிவித்தது. அது வேறு கணக்கு, வேறு மனு. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

கொட்டாய்க்கும் ஒரு தொகை உண்டு: வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகை சேதமானால் 3,000 ரூபாய். தனி மனையில் வாடகைக்குப் போட்ட கொட்டாய் இதில் வராது. நிவாரண முகாமில் கட்டும் மாட்டுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியவற்றுக்கு 45 ரூபாய் தீவனச் செலவுக்கு விதியில் இடம் இருக்கிறது. அது முகாம் நடத்துபவர்களுக்குப் போகும் பணம். ஆகவே வெள்ளத்தில் வைக்கோல் நனைந்து போனால் கால்நடை முகாம் திறக்கச் சொல்லி ஊராகச் சேர்ந்து கேளுங்கள்.

மனு

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. "படிவம் வாங்கித் தருகிறேன், ஆயிரம் கொடு" என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். இந்த அளவு போதும்:

"அனுப்புநர்: (பெயர், முகவரி). பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், பூந்தமல்லி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். பொருள்: மழை வெள்ளத்தில் கறவை மாடு இறந்தது, பேரிடர் நிவாரணம் கோருதல் தொடர்பாக. ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து, பால் கறந்து விற்றுப் பிழைத்து வருகிறேன். (தேதி) அன்று இரவு பெய்த மழையில் (தெரு, கிராமம்) என்ற இடத்தில் உள்ள எனது மாட்டுக்கொட்டகையில் தண்ணீர் புகுந்ததால் எனக்குச் சொந்தமான கறவைப் பசு ஒன்று, காதுவில்லை எண் (12 இலக்கம்), நீரில் மூழ்கி இறந்துவிட்டது. அன்றே கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் கொடுத்தேன். பிரேதப் பரிசோதனைச் சான்று, புகைப்படங்கள், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல்கள் இணைத்துள்ளேன். விதிகளின்படி நிவாரணம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கஷ்டத்தை விரித்து எழுத வேண்டாம். தேதி, இடம், எண்ணிக்கை, காதுவில்லை, காரணம் ஆகிய ஐந்தும் பளிச்சென்று இருக்கட்டும். எண்ணிக்கையைக் கூட்டியும் எழுத வேண்டாம். ஒருவர் கூட்டி எழுதியது தெரிந்தால் அந்தத் தெருவில் எல்லார் மனுவும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வைக்கத் தயங்கினால் அதே மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரையோ ரசீதோ இல்லாமல் கொடுத்த மனுவைக் கொடுத்ததாகவே எண்ணாதீர்கள்.

பிறகு கோப்பு விஏஓ, ஆர்ஐ வழியாக வட்டாட்சியரிடம் போய் மேலே மாவட்ட நிர்வாகத்துக்கு ஏறும். பெரிய வெள்ளம் என்றால் ஆயிரக்கணக்கான கோப்புகளோடு உங்களுடையதும் நிற்கும். இரண்டு வாரத்துக்கொரு முறை போய் உங்கள் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், சண்டை வேண்டாம். ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் முத்திரையிட்ட நகலை இணைத்து மனு கொடுங்கள். அங்கே தரும் எண்ணை வைத்து நிலையைத் தொடரலாம். முதல்வர் உதவி மைய எண் 1100.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல், மனு தற்போது யாரிடம் உள்ளது, இந்தப் பேரிடரில் எங்கள் கிராமத்தில் கால்நடை இறப்புக்கு நிவாரணம் வழங்கப்பட்டோர் பட்டியல், எனது மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே சட்டத்தின்படி மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நிராகரித்த ஆணையில் "பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லை" என்பது போன்ற காரணம் இருந்தால், அந்தக் குறையை நிரப்பும் காகிதத்தோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மறுபடி பரிசீலிக்கக் கேளுங்கள்.